பத்தாவதுக்கு அப்புறம் பாலிடெக்னிக்கா, பிளஸ் ஒன்னா?

சூலூர் அக்கா, பையன் அரசுப் பள்ளியில் பத்தாவது முடிச்சிருக்கான், லேத் வேலைன்னா உசுரு, ஆனா கடைசியில் பி.இ. படிக்கணும்னு எழுதியிருந்தீங்க.

வருசக் கணக்கு ரெண்டுக்கும் ஒன்னுதானுங்க. பிளஸ் டூ 2, பி.இ. 4. பாலிடெக்னிக் டிப்ளமோ 3 முடிச்சா பி.இ.யில் நேரா இரண்டாம் ஆண்டு, இன்னொரு 3. எப்படியும் 6 வருசம்.

ஆனா முதலில் ஒன்னைப் பாருங்க. பி.இ. முதலாண்டுச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படிச்சிருக்கணும். பத்தோட பாலிடெக்னிக் போனா அது கையை விட்டுப் போயிரும். பலரும் இதைத் தெரியாமலே சேர்த்துவிட்டுடறாங்க.

டிப்ளமோ வழியில் போறவங்க தடுக்கி விழறது கணக்கில்தான். பி.இ. முதலாண்டுக் கணக்கைப் படிக்காம நேரா மூன்றாம் செமஸ்டரில் உட்காரணும். தொகையீடு, வகையீடு ரெண்டையும் டிப்ளமோவிலேயே அழுத்தமாப் போட்டு வைக்கணும்.

ஆசை நிசமான்னு பார்க்க, மில்லிமீட்டரில் சின்னப் பகுதியைக் கூட அளக்கிற வெர்னியர் காலிபரைக் கையில் கொடுங்க. முதன்மைக் கோல் 24 மி.மீ., வெர்னியர் கோலில் பொருந்துற கோடு 18, மீச்சிற்றளவு (அது அளக்கிற மிகச் சின்ன அளவு) 0.02ன்னா, 18-ஐ 0.02-ஆல் பெருக்கி 24-ஓட கூட்டணும், 24.36 மி.மீ. இதை அலுக்காம பத்துத் தடவை அளக்கிறவனுக்குக் கோயமுத்தூரில் மூன்றரை வருச சாண்ட்விச் டிப்ளமோ பொருந்தும், மேலே சொன்ன 3 வருச டிப்ளமோவை விட அரை வருசம் கூட. படிக்கும்போதே தொழிற்சாலைப் பயிற்சியும் உண்டு. கணக்கில் நல்ல மார்க் இருந்தா மட்டும் பிளஸ் ஒன்னுக்கே அனுப்புங்க. மார்க் எவ்வளவுங்க?