மலையில் மூன்று நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெகுநாள் வாசகன். இதுதான் என் முதல் கடிதம். அடுத்த மாதம் மூன்று நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. நான், மனைவி, என் அம்மா (68 வயது) மூவரும் ஒரு மலை மாவட்டத்துக்குப் போகிறோம். பெயர்பெற்ற கோடைவாசஸ்தலம் அல்ல. சிற்றூர்களும் காடுமாக இருக்கிற பகுதி. கூட்டம் இருக்காது என்பதற்காகவே தேர்ந்தெடுத்தோம்.

வரைபடத்தை வைத்துக்கொண்டு 11 இடங்களைக் குறித்தேன். எந்த இரண்டுக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. பட்டியலைப் பார்த்த மனைவி, “இது பயணமா, ஆய்வுப் பணியா?” என்கிறாள். ஒரே ஊரில் தங்கி சும்மா இருந்துவிட்டு வரலாம் என்பது அவள் கட்சி. அவ்வளவு தூரம் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது வீண் இல்லையா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே,

உங்கள் மனைவியின் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் ‘சும்மா’வோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் 30 கிலோமீட்டர்.

மலைச்சாலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்டாலே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் மணிக்கணக்கில்தான் பதில் சொல்வார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பரும் உங்களைப் போலத்தான் திட்டம் போட்டோம். வரைபடத்தில் விரல் அகல இடைவெளியில் இரண்டு ஊர்கள். ஒன்றில் மதியச் சாப்பாடு, மற்றதில் மாலை வெளிச்சத்தில் அருவி. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதை வரைபடம் காட்டத்தான் செய்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. சாலை இந்தப் பக்கம் அடிவரை இறங்கி, ஆற்றைக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி உச்சிவரை ஏறியது. போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம். நண்பர் அதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்திருந்தார்.

வண்டி வளைகிறது என்று உள்காது சொல்கிறது. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போது வயிறு புரட்டுகிறது. அம்மாவை முன் இருக்கையில் உட்காரவைத்து, தூரத்துச் சாலையைப் பார்த்தபடி வரச் சொல்லுங்கள். இறங்கும்போது வண்டியைக் கீழ் கியரில் விடுங்கள். வழிநெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

நடைக்கும் ஒரு கணக்கு உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892ல் சொன்னது. இன்றைய அளவில் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அவர் கால்வலுவுள்ள ஆள், நின்று வேடிக்கை பார்க்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை. நான் அவருடைய விடையை இரண்டால் பெருக்கிக்கொள்வேன். உங்கள் 11 இடங்களையும் வண்டி நேரம், நடை நேரம் என்று மணிக்கணக்கில் கூட்டிப் பாருங்கள், மூன்று நாளில் எத்தனை மணி நேரம் வழியிலேயே போகிறது என்று தெரியும்.

சரி, ‘சும்மா’வுக்கு வருகிறேன். நாம் நகராமல் இருந்தால் ஒன்றும் நடக்காது என்று நினைக்கிறோம். மலைச்சரிவில் பாதி உயரத்தில் ஒரு வீட்டில் தங்கி, வாசலில் நாற்காலி போட்டு ஒரு முழுநாள் உட்கார்ந்து பாருங்கள்.

இரவில் சரிவுகள் வேகமாகக் குளிர்கின்றன. அவற்றை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் போலவே கீழே வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. ஈரம் இருந்தால் அங்கேயே பனிமூட்டமாகிவிடுகிறது. அதனால்தான் தெளிந்த இரவுக்குப் பின் விடியும்போது உங்கள் காலடியில் வெள்ளை ஏரி மாதிரி ஒன்று கிடக்கும். அப்போது உங்களைவிடக் கீழே இருப்பவர்கள்தான் அதிகம் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். உறைபனிக்குப் பயந்து பழமரங்களை அடிவாரத்தில் வைக்காமல் நடுச்சரிவில் வைக்கும் வழக்கம் பல மலைநாடுகளில் உண்டு. தங்குமிடம் தேடும்போது நீங்களும் பழமரமாக யோசியுங்கள்.

வெயில் ஏற ஏற மூட்டம் கிழியும். சூடான காற்று சரிவில் மேல்நோக்கி ஊரத் தொடங்கும். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். யார் வீட்டிலாவது அடுப்பு எரியும். விடிகாலையில் அந்தப் புகை கீழ்ப்பக்கம் சாயும், பத்து பதினொரு மணிக்கு மேல்பக்கம் சாயும். எனக்கு இதைக் கவனிக்க இத்தனை வயதாயிற்று. மேலே ஏறிய ஈரக்காற்று மதியத்துக்குள் முகடுகளில் மேகமாகிவிடும். காலையில் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த சிகரம் இரண்டு மணிக்குக் காணாமல் போயிருக்கும். பட்டியலோடு வருபவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் காட்சிமுனைக்கு மூச்சுவாங்க வந்து சேர்வார்கள். மேகத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

மாலையில் சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். உங்கள் வாசல் நிழலாகிவிட்ட பிறகும் எதிர்ச்சரிவு வெகுநேரம் எரிந்துகொண்டிருக்கும். நிழல்கோடு மெல்ல மேலே ஏறிப்போவதைக் கண்ணால் பின்தொடரலாம்.

அப்புறம் இரவு. குறிஞ்சி நிலத்துக்கு நம் பழைய இலக்கணக்காரர்கள் வகுத்த சிறுபொழுது யாமம், நள்ளிரவு. ஐந்து நிலத்தில் மலைக்கு மட்டும் ஏன் நடுராத்திரியைக் கொடுத்தார்கள் என்பதற்கு உரைகாரர்கள் சொல்லும் காரணம் காதலர் சந்திப்பு. அது இருக்கட்டும். மலையில் ஒருமுறை யாமத்தில் வெளியே வந்து நின்றவர்களுக்கு வேறு காரணமும் தோன்றலாம். நிலவில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அரைமணி நேரம் இருட்டில் நிற்க நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தவரால் முடியாது. அவர் படுத்துவிடுவார்.

இப்படி மெதுவாக இருப்பதற்கும் இப்போது அமைப்பு வந்துவிட்டது. 1999ல் இத்தாலியில் ‘சிட்டாஸ்லோ’ என்று மெதுநகரங்களின் கூட்டமைப்பு தொடங்கினார்கள். மக்கள்தொகை 50,000க்குக் கீழே இருக்கவேண்டும், சின்னம் நத்தை. நல்ல காரியம்தான். ஆனால் ‘காலை 9 முதல் 10 வரை மெதுவான நடை’ என்று அச்சடித்த பயணத்திட்டம் ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பட்டியலை அந்த வழியில் திருத்திவிடாதீர்கள்.

நான் செய்வது இவ்வளவுதான்: வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே காலையிலும் மாலையிலும் போய்வருவேன். இரண்டாம் நாள் எதிரே வருபவர்கள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் நின்று பேசுவார்கள். முதல் நாள் உற்சாகத்தில் செங்குத்தான இறக்கத்தில் மட்டும் இறங்கவேண்டாம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொடைத்தசையை வதைக்கும், அந்த வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் தலைகாட்டும்.

பதினொன்றில் ஒரே ஓர் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். எது என்பதை அம்மா முடிவு செய்யட்டும்.

அவர் வயதைக் குறிப்பிட்டிருந்ததால் இதையும் சொல்கிறேன். மலைநோய், அதாவது உயரத்தில் காற்று மெலிவதால் வரும் தலைவலியும் குமட்டலும், பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு வருவது. அதற்குக் கீழே என்றால் அந்தப் பயம் பெரிதாக வேண்டாம். இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவரானால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குளிர்கிறதே என்று தொப்பியை விட்டுவிட்டுப் போகவேண்டாம், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. அதே 1,000 மீட்டருக்கு வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். வாசலில் வெயில் போனதும் இன்னும் குறையும். ஒரு சால்வையைக் கூடுதலாக எடுத்துவையுங்கள். அம்மா தனக்குக் குளிரவே இல்லை என்பார், நம்பாதீர்கள்.