வாக்கிங் ஈஸி, படி ஏறினா மட்டும் தொடை எரியுதே?

கேள்வி: எனக்கு 44 வயசு. தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன், களைப்பே தெரியல. ஆனா லிஃப்ட் ஓடாத அன்னைக்கு காய்கறிப் பையோட மூணு மாடி ஏறினா தொடை பத்தி எரியுது. மைட்டோகாண்ட்ரியா கம்மியா இருக்கும், அதுக்குன்னு மாத்திரை விக்குது, வாங்கிச் சாப்பிடுன்னு ஃப்ரெண்ட் சொல்றா. வாங்கலாமா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேணாங்க, அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்குங்க.

மைட்டோகாண்ட்ரியாங்கிறது செல்லுக்குள்ள ஆக்சிஜன வச்சு சக்தி தயாரிக்கிற குட்டி உறுப்பு. நம்ம தசையில ரெண்டு மாதிரி நார் கலந்து கிடக்கு. மெதுவா சுருங்குற நார்ல மைட்டோகாண்ட்ரியா நெறைய, ரத்தக் குழாயும் நெறைய, ஆக்சிஜனப் பிடிச்சு வைக்கிற மயோகுளோபினும் நெறைய, அதான் சிவப்பா இருக்கும், லேசுல களைக்காது. கோழியில நாள் பூரா நிக்கிற கால் கறி கருஞ்சிவப்பாவும், எப்பவாவது சிறகடிக்கிற நெஞ்சுக்கறி வெளுப்பாவும் இருக்கிறது இதனாலதான். வேகமா சுருங்குற நார்ல மைட்டோகாண்ட்ரியா கம்மி, ஆக்சிஜனுக்குக் காத்திருக்காம சர்க்கரைய உடைச்சு சட்டுன்னு சக்தி எடுத்துக்கும், ஆனா ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் (செல் செலவழிக்கிற சக்திக் காசு மாதிரி) தேறும், அதே குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியா வழியா போனா சுமார் 30.

உடம்பு மெதுவான நாரைத்தான் மொதல்ல வேலைக்குக் கூப்பிடும், பாரம் ஏற ஏறத்தான் வேக நார் வேலைக்கு எறங்கும். உங்க வாக்கிங்ல வேக நாருக்கு வேலையே வரல, படியில திடீர்னு வருது, அமிலத்தன்மை ஏறி எரியுது. சர்க்கரைய இப்படி சட்டுன்னு உடைக்கும்போது வர்ற லாக்டேட்ட எல்லாரும் திட்டுறாங்க, அது பாவம், இதயமும் மெதுவான நாரும் அதையே எரிபொருளா எடுத்துக்கும்.

வேலை குடுத்தா மைட்டோகாண்ட்ரியா தானா பெருகும். 1967லயே அமெரிக்காவுல ஜான் ஹோலோசிங்கிற ஆராய்ச்சியாளர் எலிங்கள ட்ரெட்மில்ல ஓடவிட்டுப் பாத்தார், தசையில மைட்டோகாண்ட்ரியா என்சைம் ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. சும்மா விட்டா சில வாரத்துலயே குறையவும் செய்யும். வயசாக ஆக வேக நார்தான் அதிகமா மெலியும், அதனால இப்பவே கவனிக்கணும்னு அழுத்திச் சொல்றேன்.

வாக்கிங் நடுவுல அப்பப்போ அரை நிமிஷம் வேகமா நடங்க, வாரம் ரெண்டு மூணு நாள் கையூன்றாம நாற்காலியில உக்காந்து எந்திரிங்க, பையில்லாம ஒரு மாடி ஏறிப் பழகுங்க. மறுநாள் தொடை லேசா வலிச்சா பயப்படாதீங்க.

ஆனா ஒண்ணு, படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ ரொம்ப மூச்சு வாங்குறதோ இருந்தா இதெல்லாம் ஆரம்பிக்காம மொதல்ல டாக்டரப் பாருங்க, ஹீமோகுளோபினும் டெஸ்ட் பண்ணிடுங்க. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுறீங்கன்னா தசை வலிய டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க.