அரைப்பேர் இல்லாத கணக்கு

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 36. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். மாமியார் பாரிசவாதம் வந்து இரண்டு வருடங்களாகப் படுக்கையில் இருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, மாமியாரைத் துடைத்துத் துணி மாற்றி, இரண்டு பிள்ளைகளுக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடுகிறேன். மூத்தவனுக்கு 14 வயது, சின்னவளுக்கு 9. பகல் சாப்பாட்டு நேரத்திலும் லயத்து வீட்டுக்கு ஓடிவந்து மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். 18 கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். சனிக்கிழமை மாலையில் ஆலயத்தைக் கூட்டித் துடைப்பதும் என் வேலை. இரவில் ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். மாதர் சங்கத்து மூத்த சகோதரி ஒருவர், "மார்த்தாளாக இருக்காதே, மரியாளாக இரு" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். உண்மையைச் சொன்னால், நான் செய்வதெல்லாம் வேண்டாவெறுப்பாகத்தான். சில நாட்களில் மாமியாரின் துணியை மனதுக்குள் ஏசிக்கொண்டே அலசுகிறேன். இப்படிச் செய்வதைக் கர்த்தர் கணக்கில் எடுப்பாரா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் என் கண் நின்றுவிட்டது. "கணக்கில் எடுப்பாரா?" தோட்டத்தில் வளர்ந்தவளுக்குத்தான் இந்தக் கேள்வி இந்தச் சொல்லில் வரும். நானும் லயத்தில் பிறந்தவள். என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்துக் கூடை சுமந்தார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்களின் முகங்களை நான் பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம்) இருந்த வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கழித்த பிறகு ஒரு கிலோ குறைந்துபோனால், காலையிலிருந்து மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற நாள் பாதி நாளாகிவிடும். நம் ஆட்கள் அதைக் கூலி என்றுகூடச் சொல்வதில்லை. "பேர்" என்கிறோம். முழுப்பேர், அரைப்பேர். ஒரு மனுஷியின் பேரை ஒரு கிலோ கொழுந்துக்காகப் பாதியாக வெட்டுகிற ஏற்பாட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவிட்டோம். அதனால் பரலோகத்திலும் பேர் பதிகிற ஒரு செக்ரோல் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஜெபம் குறைந்தது, ஒரு கிலோ கழிவு. மனம் கசந்தது, இரண்டு கிலோ கழிவு. ஏசிக்கொண்டே துணி அலசினேன், இன்றைக்கு அரைப்பேர்.

தங்கச்சி, ஆண்டவரிடத்தில் அரைப்பேர் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதில் முழுவதையும் எழுதுகிறேன்.

ஏசாயா 43ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்: "பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." நம் முன்னோர்களை நினைத்துக்கொண்டு இந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். அதில் இருந்தது எழுத்தும் எண்ணும்தான். பேரைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. அப்படி வந்தவர்களின் பேத்தியான உங்களைத்தான் அவர் பேர்சொல்லி அழைத்திருக்கிறார். அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே, 22ஆம் வசனத்துக்கு வாருங்கள்: "இஸ்ரவேலே, நீ என்னைக்குறித்து மனஞ்சலித்துப்போனாய்." ஜெபிக்காமல், சலித்துப்போய், வேண்டாவெறுப்பாக இருந்த ஜனத்தைத்தான் அவர் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் "நீ என்னுடையவன்" என்று அழைக்கிறார். அவர்களுடைய சலிப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அழைத்தார்.

திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைத் தோட்டத்து ஆட்களைப் போல விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை என்று நான் எப்போதும் நினைப்பேன். விடியற்காலையில் வந்தவனுக்கும், பதினோராம் மணி வேளையில், அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி, ஒரு பணம். அன்றைக்கு அது ஒரு முழு நாளின் சம்பளம். ஒரு மணி நேரம் நின்றவனுக்கு முழுப்பேர்! வெயிலில் நின்றவர்கள் முறுமுறுத்தது நியாயம்தான் என்று சின்ன வயதில் நானும் அவர்கள் பக்கம் பேசியிருக்கிறேன். பிறகுதான் ஐந்து மணிக்கு வந்தவனின் வீட்டை நினைத்துப் பார்த்தேன். அரைப்பேர்ச் சம்பளத்தில் அவன் வீட்டில் அன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள்? தோட்டத்து எஜமான் அந்த அடுப்பையும் பார்த்துத்தான் கொடுத்தான். கிருபை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

"சரி அக்கா, அதனால் என் தண்ணீர்க் குடத்தின் பாரம் குறையுமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. குறையாது. செய்கிற வேலை நாளைக்கும் அதேதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மாலையில் மலையிலிருந்து இறங்கிவந்த பிறகு, லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் கீரைக்கும் லீக்ஸுக்கும் களை பிடுங்குகிறோமே. முதுகு அங்கேயும்தான் வலிக்கிறது. கால் அங்கேயும்தான் சேற்றில் புதைகிறது. ஆனால் அங்கே வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை நிற்பதில்லை. பேர் வெட்டுப்படுமோ என்ற பயம் இல்லை. அதனால் அங்கே குனிகிறபோது நம் மனம் குனிவதில்லை. சில நேரம் பாட்டுக்கூட வரும். உங்கள் வீட்டு வேலையையும் மாமியாரையும் நீங்கள் இப்போது மலையில் நிற்கிறதுபோல நின்று செய்துகொண்டிருக்கிறீர்கள். பேர் ஏற்கெனவே முழுதாக விழுந்துவிட்டது என்று தெரிந்தால், அதே வேலையைக் கீரைப்பாத்தியில் நிற்கிறதுபோல நின்று செய்யலாம். எபேசியர் 2ஆம் அதிகாரத்திலும் இந்த ஒழுங்குதான் இருக்கிறது. 8ஆம் வசனத்தில் கிருபை, அது தேவனுடைய ஈவு. நற்கிரியைகள் 10ஆம் வசனத்தில்தான் வருகின்றன. நம்மில் பலர் பத்திலிருந்து தொடங்கி எட்டுக்கு ஏறப் பார்க்கிறோம். அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

மார்த்தாளைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் மார்த்தாள் ஆண்டவருக்குப் பணிவிடை செய்ய ஓடியாடுகிறாள், அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். அந்தப் பகுதியை உழைக்கிற பெண்களின் தலையில் குட்டுவதற்கு எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆண்டவர் அவளை "மார்த்தாளே, மார்த்தாளே" என்று இரண்டு முறை பேர்சொல்லிக் கூப்பிட்டார். அது ஏசுகிறவரின் குரல் இல்லை. சமைத்ததை அவர் குறை சொல்லவும் இல்லை. "அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று அவளுடைய கலக்கத்தைத்தான் சொன்னார். யோவான் 11ஆம் அதிகாரத்தில், சகோதரனை அடக்கம்பண்ணிய துக்கத்தின் நடுவிலும் "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்தவள் அந்த மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து நடக்கிறது. "மார்த்தாள் பணிவிடைசெய்தாள்" என்று எழுதியிருக்கிறது. அவள் பணிவிடையை விட்டுவிடவும் இல்லை, யாரும் அவளை விடச் சொல்லவும் இல்லை.

துணி அலசும்போது ஏசுகிறீர்களே, அதை ஆண்டவருக்கே கேட்கும்படி ஏசுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன. "ஆண்டவரே, இந்த நாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. என் கை விறைக்கிறது. எனக்குக் கோபமாக இருக்கிறது. நீரும் கூட நில்லும்" என்று சொன்னால் அது ஜெபம்தான். 1522இல் மார்ட்டின் லூத்தர் திருமண வாழ்வைப் பற்றி எழுதும்போது, பிள்ளையின் அழுக்குத்துணியை அலசுகிற ஒரு தகப்பனைக் காட்டுகிறார். ஊரார் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அவன் அதை விசுவாசத்தோடு செய்வதைப் பார்த்துக் கடவுள் தம் தூதர்களோடு மகிழ்ந்து சிரிக்கிறார் என்று எழுதினார். உங்கள் பீலிக்கரையிலும் அப்படி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் அம்மாவின் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்துக் கறை உங்களுக்குத் தெரியும். பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் வெடிப்புக்குள் இறங்கி, கறுத்துப்போய், சவர்க்காரத்துக்கும் போகாது. திருவிருந்து ஆராதனைக்கு முதல்நாள் இரவு அம்மா பாதித் தேசிக்காயை (எலுமிச்சையை) வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். வெடிப்பில் புளி இறங்கிப் பல்லைக் கடிப்பார். விடிந்து பார்த்தால் கறை அப்படியே இருக்கும். பீடத்தண்டை முழங்காற்படியிடும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, போதகர் பக்கத்தில் வந்த பிறகுதான் நீட்டுவார். எனக்குப் பத்து வயதிருக்கும். அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கறுத்த வெடிப்பின்மேல் வெள்ளை அப்பத் துண்டு வந்து அமர்ந்தது. போதகர் ஐயா கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நீட்டியிருந்தது, வைத்துவிட்டுப் போனார்.

இனி வீட்டுக் காரியங்களுக்கு வருகிறேன். களைத்துப்போன எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்தான், தூங்க விட்டான். ஆகவே இரவில் ஜெபிக்க உட்கார்ந்து தூங்கிவிட்டால் தூங்குங்கள். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்பது 127ஆம் சங்கீதம். காலையில் பீலியில் குடம் நிரம்புகிற நேரம் உங்களுடையது. அப்போது ஏசாயா 43இன் அந்த முதல் வசனத்தை முழுதாக எடுத்து, அதில் "இஸ்ரவேலே" இருக்கிற இடத்தில் உங்கள் பேரைப் போட்டுச் சொல்லுங்கள். அது போதும்.

இரண்டாவது குடத்தை மூத்தவன் தூக்கட்டும். 14 வயதுப் பையனுக்கு அது பாரம் இல்லை. தண்ணீர் எடுப்பது பெண்களின் வேலை என்று லயத்தில் சிரித்தால், மாற்கு 14ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுங்கள். தண்ணீர்க்குடம் சுமந்துவந்த ஒரு மனுஷனின் பின்னால் போய்த்தான் சீஷர்கள் கடைசி இராப்போஜனத்து மேல்வீட்டைக் கண்டுபிடித்தார்கள்.

ஆலயம் கூட்டுவதை மூன்று மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். போதகரிடம் நேராகச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதர் சங்கத்தில் வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மாமார் இருப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் வந்து உங்கள் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்து, கொஞ்சம் கஞ்சி ஊட்டட்டும். அவரும் சபையின் பிள்ளைதானே. மரியாளாக இருக்கச் சொன்ன சகோதரியையே முதலில் கேளுங்கள். கசப்பில்லாமல் கேளுங்கள், அவர் வரக்கூடும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பக்கம் மூன்றும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் தள்ளிப்போடாமல் தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள். கணவர் வரும் நாட்களில் தாயின் துணியை அவர் அலசட்டும். அவருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள்.

இன்னொன்று. ஆண்டவரிடத்தில் முழுப்பேர் இருக்கிறது என்பதற்காக மடுவத்தில் அரைப்பேரை வாயை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் சொல்கிறது. கழிவு நியாயமில்லை என்று தெரிந்தால், மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் பேசுங்கள். பேர் முழுதாக இருக்கிறவளுக்குத்தான் பயமில்லாமல் பேச வரும்.

உங்கள் கடிதம் முழுவதிலும் "மாமியார்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் அவருடைய பேரை எழுதுங்கள்; உங்கள் பேரையும்தான். பத்திரிகையில் போட மாட்டேன். காலையில் என் வீட்டு அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும்வரை நின்று ஜெபிப்பது என் வழக்கம். அப்போது சொல்வதற்கு இரண்டு பேருடைய பேரும் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அக்கா