ஒரு முழங்கால் தளர்ந்தபோது

வணக்கம். சென்ற மாதம் ரோம் போயிருந்தேன். அருங்காட்சியகங்களில் பார்த்த கிரேக்கச் சிலைகள் எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. கிரேக்கர்கள் எகிப்தியரிடம்தான் சிற்பம் கற்றார்கள் என்றார் வழிகாட்டி. அப்படியானால் அவர்களுடையது என்று எதைச் சொல்வது? இன்னொன்று: தேவனோ வீரனோ, பல சிலைகளில் காலோரம் ஓர் அடிமரம் நிற்கிறதே, ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வழிகாட்டி சொன்னது சரிதான். கி.மு. 600ஐ ஒட்டி கிரேக்கர்கள் செதுக்கிய 'கூரோஸ்' என்ற இளைஞர் சிலைகளில் இடது கால் முன்னே இருக்கும். கைகள் தொடையோடு ஒட்டி, விரல்கள் மடங்கியிருக்கும். எகிப்திய நிலை அப்படியே. ஆனால் எகிப்தியச் சிற்பி முதுகுக்குப் பின்னாலும் கால்களுக்கு நடுவிலும் கல்லை விட்டுவைப்பான். கிரேக்கச் சிற்பி அதை வெட்டி எடுத்துவிட்டான். ஆடையும் போயிற்று. இருந்தும் அந்த இளைஞன் நடக்கவில்லை. கால் முன்னே வந்தும் இடுப்பு இம்மியும் அசையவில்லை. எடை இரு கால்களிலும் சரிபாதி. நம் சிற்ப மரபு சமபங்கம் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும் நிலை.

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குச் சிறுவன் இருக்கிறான். கிரித்தியோஸ் சிறுவன் என்பார்கள். கி.மு. 480ஐ ஒட்டியவன், உயரம் 1.2 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. எடையை இடது காலில் ஊன்றி, வலது முழங்காலைத் தளர்த்தி நிற்கிறான். அந்தத் தளர்வால் இடது இடுப்பு சற்றே ஏறுகிறது, முதுகு லேசாக வளைகிறது, தலை வலப்பக்கம் திரும்புகிறது. கூரோஸ் முகங்களில் உறைந்திருந்த புன்னகை இவனிடம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையன் இப்படித்தான் நிற்பான். கிரேக்கர்களுடையது எது என்று கேட்டீர்கள். நான் இந்த முழங்காலைக் காட்டுவேன். ஓர் அசைவு உடல் முழுவதும் எப்படிப் பரவுகிறது என்பதை அந்தச் சிற்பி பார்த்திருக்கிறான். அடுத்த தலைமுறையில் பொலிக்லெய்தோஸ் என்ற சிற்பி இதையே விதியாக்கி, உடலின் அளவுகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இந்த முழங்கால் நம் பக்கமும் வந்தது. காந்தாரத்துப் (இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதி) புத்தர் சிலைகளை அடுத்த முறை பார்க்கும்போது முகத்தை விட்டுக் கீழே பாருங்கள். அங்கியின் மடிப்புகளுக்குள் ஒரு முழங்கால் மெல்ல முன்வந்திருக்கும். அதன் வேர் கிரேக்கம். மத்திய ஆசியாவில் பாக்திரியாவை ஆண்ட கிரேக்கர் வழியாக வந்ததா, ரோமானிய வணிகத்தின் வழியாகவா என்பதில்தான் வாதம்.

இனி அடிமரம். புகழ்பெற்ற கிரேக்கச் சிலைகள் பல வெண்கலத்தில் வார்க்கப்பட்டவை. உள்ளே வெற்றிடம், எடை குறைவு, கணுக்கால் தாங்கும். பிற்காலத்தில் அவற்றை உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. நீங்கள் ரோமில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ரோமானியர் காலத்துப் பளிங்குப் பிரதிகள். பளிங்கின் பாரத்தை மெல்லிய கணுக்கால் தாங்காது, ஒடிந்துவிடும். அதனால் சிற்பிகள் ஓர் அடிமரத்தை முட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்ததற்கும் பிரதிகளைப் பார்த்ததே ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மறுபடி இத்தாலி போனால் தெற்கே ரெஜ்ஜோ கலாப்ரியா வரை போய்விடுங்கள். 1972இல் ரியாச்சே என்ற ஊருக்கருகே கடலடியில் கிடைத்த இரண்டு வெண்கல வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அசல் வார்ப்பு. ஒருவனின் பற்களுக்கு வெள்ளி, உதட்டுக்குச் செம்பு. காலோரம் மரம் இல்லை.

அன்புடன்.