விளம்பர வாசகத்தைச் சிறு காசில் சோதிப்பது: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. சிறு வியாபாரங்களுக்கு விளம்பரம் எழுதி, சோதித்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யும் ஒரு அக்கா பதில் சொல்கிறார். லோகோ, வங்கிக் கடன், கம்பனிப் பதிவு பற்றி இங்கே கேட்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆரையம்பதி, ஓ/எல் கணித ஒன்லைன் வகுப்பு: அக்கா, மூண்டு வாசகம் எழுதினம். "கணிதம் இனிக் கடினமில்லை", "கணிதத்தை இலகுவாகக் கற்போம்", "இலகு வழியில் கணிதம்". குடும்ப குறூப்பில போட்டம், எல்லாரும் ரெண்டாவதுதான் நல்லம் எண்டாங்க. அதையே போடலாமா?

வேண்டாம் தம்பி. மாமாவும் சித்தியும் உங்கள் வகுப்புக்குக் காசு கட்டப்போகிறவர்கள் இல்லை. எது நல்லம் என்று கேட்டால் வாசகத்தின் அழகுக்குத்தான் புள்ளி போடுவார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது, இதைப் படித்த ஒரு தாய் போனை எடுத்து விசாரிக்கிறாரா, முதல் மாதக் கட்டணத்தைக் கட்டுகிறாரா என்பதுதான். ஆட்கள் செய்ததை மட்டும் எண்ணுங்கள். லைக்கையும் "சூப்பர்" கொமண்டையும் எண்ண வேண்டாம். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

அதைவிடப் பெரிய குறை, மூன்று வாசகமும் சொல்வது ஒரே விஷயம். எது வென்றாலும் நீங்கள் புதிதாக ஒன்றும் அறியப்போவதில்லை. வேறு வேறு வாக்குறுதிகளை எழுதுங்கள். ஒன்று: இரவில் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கத் தேவையில்லை. இரண்டு: தவறவிட்ட பாடத்தை ரெக்கோர்டிங்கில் திரும்பப் பார்க்கலாம். மூன்று: கிழமைக்கு ஒரு பாஸ்ட் பேப்பர், திருத்திய விடைத்தாள் பெற்றோரின் வட்ஸ்அப்புக்கு வரும். இவற்றில் எதற்கு ஆட்கள் அசைகிறார்கள் என்று தெரிந்தால், வகுப்பை எப்படி நடத்துவது என்பதும் சேர்ந்து தெரியும்.

இந்த வாக்குறுதிகளை வீட்டில் இருந்து யோசிக்காதீர்கள். ரியூசன் வாசலில் பிள்ளையை ஏற்ற நிற்கும் பெற்றோர் பத்துப் பேரிடம் பேசுங்கள். "எங்கட வகுப்பு பிடிக்குமா" என்று கேட்டால் முகத்துக்காக ஓம் என்பார்கள். "போன வகுப்பை ஏன் நிப்பாட்டினீங்கள்?", "கணிதத்துக்குக் கடைசியா எதுக்குக் காசு குடுத்தீங்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குறை மூன்று பேர் வாயில் வந்தால், அது சோதிக்கத் தகுந்த வாசகம்.

மருதமுனை, கைத்தறிச் சாறன்: ரெண்டு போஸ்ட் பூஸ்ட் பண்ணினன். ஒண்டுக்கு 300 லைக், மற்றதுக்கு 90. முதல் வாசகம்தானே நல்லது?

அதை வைத்துச் சொல்ல முடியாது நானா. லைக்குக்காக பூஸ்ட் பண்ணினால், அதாவது காசு கட்டிப் போஸ்ட்டைப் பரப்பினால், பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பனி லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிக் காட்டும். சாறன் வாங்குகிறவர்களைத் தேடாது. அதோடு, இரண்டும் வேறு நாளில், வேறு படத்தோடு, வேறு ஆட்களுக்குப் போயிருக்கின்றன. 210 லைக் வித்தியாசம் படத்தால் வந்ததா வாசகத்தால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது.

கணினியில் மெட்டாவின் விளம்பரப் பக்கமான அட்ஸ் மனேஜரைத் திறந்து, நோக்கமாக மெசேஜ் உரையாடலைத் தெரிவு செய்யுங்கள். படம், ஊர்கள், வயது, காசு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். வாசகம் மட்டும் மாறட்டும். உதாரணமாக, "இடையில் ஆளில்லை, தறியிலிருந்து நேரே" என்பதற்கு எதிராக "சாயம் போனால் காசு திருப்பித் தரப்படும்". இரண்டு விளம்பரத்தை ஒப்பிடும் ஏ/பி டெஸ்ட் வசதியைக் கட்டாயம் போடுங்கள். அப்போதுதான் ஒருவர் ஒரு வாசகத்தை மட்டும் பார்ப்பார். இரண்டையும் ஒரே அட் செட்டுக்குள் (விளம்பரத் தொகுப்புக்குள்) போட்டால், தொடக்கத்தில் கொஞ்சம் முந்துவதற்கே மெட்டா பெரும்பங்குக் காசைத் தள்ளிவிடும். மற்றது ஆட்களின் கண்ணில் படாமலே தோற்றுவிடும்.

ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 1,000 ரூபா, 7 நாள், மொத்தம் 14,000. ஏழு நாள் எதற்கென்றால், வெள்ளிக்கிழமை ஆட்கள் போன் பார்ப்பதும் திங்கள் பார்ப்பதும் ஒன்றல்ல. இடையில் படத்தையோ தொகையையோ தொடாதீர்கள். தொட்டால் மெட்டா முதலிலிருந்து பழகத் தொடங்கும், முதல் நாள்களின் காசு வீண். மருதமுனையையும் கல்முனையையும் மட்டும் குறிவைக்கவும் வேண்டாம். அங்கே தறியைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். கொழும்பு போல ஒரு வெளியூரை எடுத்து அதில் மட்டும் சோதியுங்கள்.

வாழைச்சேனை, கருவாடு: பூஸ்ட் பண்ணினா எந்த வாசகம் நல்லம் எண்டு தெரியுமா?

மேலே மருதமுனைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஏறாவூர், பிறந்தநாள் கேக்: அக்கா, விலையைப் போடுறதா, "விலைக்கு இன்பொக்ஸ்" எண்டு விடுறதா?

விலையைப் போடுங்கள் தங்கச்சி. "1 கிலோ 3,500 ரூபா முதல்" என்றாவது போடுங்கள்.

காத்தான்குடி, அபாயா: இதை ஒத்துக்கொள்ள மாட்டன் அக்கா. விலையைப் போட்டா பக்கத்துக் கடைக்காரன் அடுத்த நாளே 100 ரூபா குறைச்சுப் போடுவான். இன்பொக்ஸ் வந்தாத்தானே கதைச்சு விக்கலாம்?

கல்முனை, போன் உதிரிப்பாகம்: நானா சொல்றது சரி. விலை போட்ட போஸ்ட்டுக்கு ஆளே கதைக்கிறதில்ல.

பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் விலை வேண்டுமென்றால், வேறொரு ஐடியில் இன்பொக்ஸ் வந்து இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார். விலையை மறைப்பதால் வெளியே நிற்பவர் வாங்க வந்தவர்தான். கதைக்கிற ஆள் குறைவது உண்மை. ஆனால் குறைகிறவர்கள் யார்? விலையைக் கேட்டதும் "பார்த்துச் சொல்றன்" என்று போகிறவர்கள். கேக் வீட்டில் பதில் எழுதுகிறவரும் கேக் அடிக்கிறவரும் ஒரே ஆள். அந்த மெசேஜ்களுக்குப் பதில் எழுதும் நேரமும் செலவுதான்.

காத்தான்குடி, அபாயா: கேக் சரி. அபாயாவுக்குத் துணி, கல், வேலைப்பாடு எண்டு ஒவ்வொண்டுக்கும் விலை வேற. படத்தில ஒரு விலை போட்டா மற்றதெல்லாம் கூட எண்டு நினைப்பாங்க.

இது நல்ல நியாயம் நானா. அளவெடுத்துத் தைக்கும் பொருளில் இன்பொக்ஸ் வெல்லக்கூடும். ஆனபடியால் நாம் வாதாடுவதை விட்டுச் சோதிக்கலாம். ஒரே அபாயா, ஒரே படம். ஒன்றில் விலை, மற்றதில் "விலைக்கு இன்பொக்ஸ்". இரண்டுக்கும் வட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே எழுதிய செய்தியை வையுங்கள்: ஒன்றில் "கறுப்பு அபாயா 1 பற்றி விபரம்", மற்றதில் "கறுப்பு அபாயா 2 பற்றி விபரம்". ஆள் அதை அப்படியே அனுப்புவார், எந்த விளம்பரம் என்று கேட்கத் தேவையில்லை. வட்ஸ்அப் பிஸ்னஸில் இரண்டு நிற லேபிள் போட்டு, அட்வான்ஸ் கட்டியவர்களை மட்டும் தனியாகக் குறியுங்கள். மெசேஜை எண்ணாதீர்கள்.

கல்லடி, மென்பொருள்: உதாரணத்துக்கு இன்பொக்ஸுக்கு 40 மெசேஜ், 4 அட்வான்ஸ். விலை போட்டதுக்கு 16 மெசேஜ், 7 அட்வான்ஸ். அப்ப விலை வெண்டிட்டுதா? எவ்வளவு வந்தா நம்பலாம்?

இன்னும் வெல்லவில்லை. இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. இரண்டு விளைவையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் நம்பலாம். 4ம் 7ம் கூட்டினால் 11, வர்க்கமூலம் ஏறத்தாழ 3.3, இரட்டிப்பு 6.6. வித்தியாசமோ 3தான். தற்செயலாகவே அப்படி வரலாம். ஒன்றுக்கு 30, மற்றதுக்கு 14 என்று வந்திருந்தால் மொத்தம் 44, வர்க்கமூலம் 6.6, இரட்டிப்பு 13 அளவில், வித்தியாசம் 16. அது நம்பத்தகுந்தது. இரண்டையும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையான ஆட்கள் பார்த்திருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும்.

நிறுத்தும் நாளைத் தொடங்க முதலே எழுதி வையுங்கள். தினமும் பார்த்து, ஒன்று முந்திய நேரத்தில் நிறுத்தினால் எந்த வாசகமும் ஒருநாள் வெல்லும். உங்கள் உதாரணத்தில் அட்வான்ஸை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் 40 பேருக்குப் பதில் எழுதி 4, 16 பேருக்கு எழுதி 7 என்றால் உழைப்புக் கணக்கில் நான் விலை போட்ட பக்கம்தான் நிற்பேன்.

கல்முனை, போன் உதிரிப்பாகம்: அப்ப சின்னக் கடைக்குச் சோதனையே சரிவராதே?

சின்ன வித்தியாசங்களைச் சோதிப்பதுதான் சரிவராது. பட்டன் நிறத்தையும் ஆச்சரியக்குறியையும் ஆயிரக்கணக்கில் ஓடர் வருகிறவர்கள் சோதிக்கட்டும். "ஒரு மணித்தியாலத்தில் திருத்தித் தருவோம்" என்பதற்கு எதிராக "6 மாத உத்தரவாதம்" என்று பெரிய வித்தியாசமாக வையுங்கள். அதிலும் வெற்றி தெரியாவிட்டால் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றாவது வாக்குறுதிக்குப் போங்கள்.

செங்கலடி, சட்டித் தயிர் வீட்டு விநியோகம்: பேஸ்புக்குக்குக் காசில்ல அக்கா. நோட்டீஸ் அடிச்சுச் சோதிக்கலாமா?

தாராளமாக. ஒரு ஏ4 தாளில் நான்கு துண்டு வரும். 50 தாள் கொப்பி அடித்தால் 200 துண்டு, வாசகத்துக்கு 100. ஒன்றில் "காலை 7 மணிக்கு முதல் உங்கள் வாசலில்", மற்றதில் "எருமைப்பால் மட்டும், மா கலக்கவில்லை". தாளின் நிறம், படம், விலை, போன் இலக்கம் எல்லாம் ஒன்றே. இரண்டிலும் "இந்தத் துண்டைத் தந்தால் முதல் சட்டிக்கு 50 ரூபா கழிவு" என்று போடுங்கள். துண்டு கைக்குத் திரும்பி வரும், எண்ணினால் போதும். எங்கே பார்த்தீங்கள் என்று வாயால் கேட்டால், பாதிப்பேர் நினைவில்லாமல் ஏதோ ஒன்றைச் சொல்வார்கள்.

அடித்ததும் இரண்டு வகையையும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிக் கட்டுங்கள். பகிரும் பொடியன் மேலிருந்து எடுத்துக்கொண்டே போனால் ஒரே ஒழுங்கையில் இரண்டும் மாறி மாறி விழும். ஒரு வகையைச் செங்கலடியிலும் மற்றதைக் கொம்மாதுறையிலும் கொடுத்தால் நீங்கள் சோதிப்பது ஊரைத்தான். மாரி காலமென்றால் இன்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம், நனைந்தால் மை ஓடும். போட்டோக்கொப்பி தாங்கும்.

அடிக்க முதல் காசில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். உங்களைத் தெரியாத ஐந்து பேருக்குத் துண்டை ஐந்து விநாடி காட்டி மடித்துவிட்டு, "இவங்க என்ன விக்கிறாங்க, எப்படி வாங்குறது?" என்று கேளுங்கள். இரண்டு பேர் தடுமாறினாலும் திரும்ப எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடி, தையல்: பழைய வாடிக்கையாளர் 180 பேரின்ட வட்ஸ்அப் இருக்கு. அதில சோதிக்கலாமா?

நல்ல இடம். போன் இலக்கத்தின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து இரண்டு புரோட்காஸ்ட் பட்டியலாக (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பட்டியல்) பிரியுங்கள். தெரிந்தவர், நல்லவர் என்று நீங்களே பிரித்தால் பக்கம் சாயும். உங்கள் இலக்கத்தை போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் புரோட்காஸ்ட் போய்ச்சேரும். ஆனபடியால் 90 என்று எண்ணாமல், போய்ச்சேர்ந்ததாக இரட்டை டிக் விழுந்தவர்களை எண்ணுங்கள். இரண்டையும் ஒரே மாலையில் அனுப்புங்கள். ஸ்டேட்டஸில் சோதிக்க முடியாது, இரண்டையும் அதே ஆட்கள் பார்ப்பார்கள். யாரிடமோ வாங்கிய இலக்கங்களுக்கு அனுப்பவே வேண்டாம். சம்மதமில்லாமல் விளம்பரச் செய்தி அனுப்புவது பற்றி 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சொல்லப்பட்டிருக்கிறது.

சம்மாந்துறை, முருங்கையிலைத் தூள்: "உங்களுக்குச் சர்க்கரை நோயா? இதோ தீர்வு" எண்டு போட்டா நல்லா ஓடுமா?

போடாதீர்கள். நோய் தீரும் என்று சொல்லி உணவு விற்பது ஆளின் உயிரோடு விளையாடுவது. மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவருக்கு நோய் இருக்கிறது என்று சுட்டும் விளம்பரத்தை மெட்டாவும் நிராகரிக்கும், கணக்கும் முடங்கலாம். சோதனையில் அது வென்றாலும் அதை வாசகமாக எடுக்க நான் உதவ மாட்டேன்.

திருக்கோவில், மரத்தளபாடம்: பூஸ்டுக்கு எவ்வளவு போடோணும்?

பூஸ்ட் பற்றி இது மூன்றாவது முறை. மருதமுனைப் பதிலில் தொகை இருக்கிறது.

பொத்துவில், அறுகம்பே விடுதி: நவம்பரில வாசகம் சோதிக்கலாமா?

உங்கள் ஆள் வெளிநாட்டில் இருந்து கூகுளில் தேடுகிறவர். சீசன் மே அளவில் தொடங்கும் என்பதால், ஆட்கள் பயணம் திட்டமிடும் மாதங்களில் தேடல் விளம்பரமாகச் சோதியுங்கள். தலைப்புக்கு 30 எழுத்துத்தான் இடம். மற்றவை என் துறை இல்லை.

அக்கரைப்பற்று, வீட்டுக்கு வந்து பைக் சேர்விஸ்: ஆளும் சாமானும் எடுக்க முதல் விளம்பரம் போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். "அடுத்த மாதம் தொடங்குகிறோம், முதல் 20 பேரைப் பதிகிறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பெயர், பைக் மொடல், வசதியான நாள் மூன்றையும் கேளுங்கள். நாள் சொல்கிறவர்தான் உண்மையான ஆள். காசு வாங்க வேண்டாம்.

காத்தான்குடி, அபாயா: சரி அக்கா, நோன்புப் பெருநாளுக்கு முதல் கிழமை ரெண்டையும் போட்டுப் பார்க்கிறன்.

அந்தக் கிழமை வேண்டாம் நானா. அப்போது ஆட்கள் எப்படியும் வாங்குவார்கள், விலை போட்டாலும் போடாவிட்டாலும் அபாயா போகும். வாசகத்தின் பலம் அதில் தெரியாது. பெருநாள் முடிந்து மூன்றாம் கிழமை தொடங்குங்கள். சம்பள நாள் இரண்டு விளம்பரமும் ஓடும் நாள்களுக்குள் விழட்டும். அட்வான்ஸ் வந்த திகதி, லேபிள், தொகை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.