இடக்கை, வலக்கை மூலக்கூறுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருந்தும், இடக்கை வலக்கை போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத ஆடிப்பிம்ப மூலக்கூறுகள் இரண்டுக்கும் உருகுநிலை ஒன்று, கரைதிறன் ஒன்று. பிறகு ஏன் சார் இடக்கை, வலக்கை என்று பிரிக்க வேண்டும்?

தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றுதான். சேர்ந்தால் கதை வேறு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் சுமார் 170 டிகிரியில் உருகும். அதன் பிம்பமும் அப்படியே. சரிபாதி கலந்து படிகமாக்கினால் 206 டிகிரி! 100 மில்லி தண்ணீரில் 130 கிராம் கரைந்த சரக்கு, கலந்தபின் 20 கிராம் கரையவே முக்கும். எதிரெதிர்க் கைகள் படிகத்துக்குள் அவ்வளவு இறுக்கமாக அடுக்கிக்கொள்கின்றன.

கேள்வி: பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் இரண்டு கைகளையும் இடுக்கியால் பொறுக்கியே பிரித்தாராமே?

ஆமாம், 1848இல். சோடியம் அம்மோனியம் டார்டரேட் உப்பு. சுமார் 27 டிகிரிக்குக் கீழேதான் அது கைக்கொரு படிகமாக விழும். சென்னை மே மாதத்தில் செய்திருந்தால் மனிதர் வெறுங்கையோடு போயிருப்பார்.

கேள்வி: கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் கைகால் ஊனத்தோடு பிறந்த தாலிடோமைடு மருந்தில், நல்ல கையை மட்டும் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைகள் தப்பித்திருக்குமா?

இல்லைங்க. பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். உடலுக்குள் போனதும் ஒரு கை மறுகையாக மாறிக்கொண்டே இருக்கும். பிரித்துக் கொடுத்தும் பயனில்லை. வலி மாத்திரையான ஐபுபுரோஃபெனில் இதே குணம் நமக்குச் சாதகம்: உதவாத கையில் பெரும்பகுதியை உடலே உதவும் கையாக்கிவிடுகிறது.

கேள்வி: வினையூக்கி முழுக்க ஒரே கையாக இருந்தால்தான் விளைபொருளும் ஒரே கையாக வருமா?

அருமையான கேள்வி. அப்படித்தான் வெகுகாலம் நினைத்தோம். 1986இல் பிரெஞ்சு வேதியியலாளர் ககானின் குழு அந்தக் கணக்கு எல்லா நேரமும் பொருந்துவதில்லை என்று காட்டியது. ஜப்பானிய வேதியியலாளர் நோயோரியின் துத்தநாக வினையைப் பாருங்கள். பென்சால்டிஹைடோடு டைஎத்தில்சிங்க், வினையூக்கியில் ஒரு கை 57.5 சதம், மறுகை 42.5. அதாவது வெறும் 15 சத மிகை. விளைபொருளிலோ 95 சத மிகை!

காரணம், வினையூக்கி மூலக்கூறுகள் தங்களுக்குள் ஜோடி சேர்வது. இடக்கையும் வலக்கையும் சேர்ந்த ஜோடி கெட்டியானது. எளிதில் பிரியாது, வேலையும் செய்யாது, ஓரமாக உட்கார்ந்துவிடும். சிறுபான்மைக் கை மொத்தமும் இப்படி முடங்க, மிஞ்சிய பெரும்பான்மைக் கைதான் வேலைக்கு வருகிறது.

கேள்வி: உயிர்களின் புரதங்களில் அமினோ அமிலம் இடக்கையாகவே இருப்பதற்கும் இதுதான் காரணமா?

அவ்வளவு தூரம் போகாதீர்கள். 1995இல் ஜப்பானிய வேதியியலாளர் சோவாய் ஒரு வினையைக் காட்டினார்: விளைபொருளே தன் கையைப் பெருக்கும் வினையூக்கி. துளி மிகை, சுற்றுக்குச் சுற்று வளர்ந்து ஏறக்குறைய முழுமையாகிவிடும். ஆனால் அதிலுள்ள துத்தநாகச் சேர்மம் தண்ணீர் பட்டாலே கெட்டுவிடும். ஆதிப் பூமியிலோ எங்கும் தண்ணீர். சிறு சாய்வு பெரிதாக முடியும் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது உண்டா?

கண்ணாடி டம்ளரில் கெட்டியான சர்க்கரைக் கரைசல் எடுத்து, லேப்டாப்பின் வெள்ளைத் திரைக்கு முன் பிடியுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி அந்தக் கூலிங் கிளாஸைச் சுழற்றுங்கள், நிறம் மாறும். சர்க்கரை ஒரே கை என்பதால் ஒளி அதிரும் திசையைத் திருப்புகிறது. வெறும் தண்ணீரையும் வைத்துப் பாருங்கள், நிறமே வராது.