பாலிமர் கிளே நகை: ஓவனுக்குள் போன பிறகுதான் வினை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சுடுவதைப் பற்றித்தான். உருட்டுவதும் வெட்டுவதும் நாலு நாளில் கைக்கு வந்துவிடும். ஓவன் கதவைச் சாத்திய பிறகு நடப்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மைக்ரோவேவ்தான் இருக்கிறது. அதில் சுடலாமா? குக்கரில் உப்பைப் பரப்பிச் சுடுகிறார்களே, அது சரிவருமா? (மதுரை வாசகி)

உங்கள் மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் முறை (விசிறியால் சூடான காற்றைச் சுழலவிடுவது) இருந்தால் அதில் மட்டும் சுடலாம். வெறும் மைக்ரோவேவ் முறை வேண்டவே வேண்டாம். சூடு சீராகப் பரவாது, ஒரு பக்கம் கொப்புளித்துக் கருகும், மறுபக்கம் பச்சையாகவே கிடக்கும்.

குக்கர் கேக்குக்குச் சரி. பாலிமர் கிளே பெயரில்தான் களிமண். உள்ளே இருப்பது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் தூள், அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள், அப்புறம் நிறமி. எத்தனை டிகிரியில் சுடுவது என்பது பிராண்டைப் பொறுத்தது: ஃபீமோ என்றால் 110 டிகிரி, ஸ்கல்பி பிரீமோ என்றால் 130 டிகிரி செல்சியஸ் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். 175-ஐத் தாண்டினால் பி.வி.சி. சிதைய ஆரம்பித்து, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். குக்கரின் அடியில் எத்தனை டிகிரி என்று யார் கண்டது? கருகல் வாடை வந்தால் உடனே அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சின்ன ஓ.டி.ஜி. (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்) ஒன்று போதும். ஆனால் கூடவே ஓவன் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். என் ஓவனின் குமிழை 130-ல் வைத்தால் உள்ளே 155 இருக்கும். அது தெரியாத காலத்தில் சுட்ட என் முதல் வெள்ளை ஜிமிக்கி, பொரித்த அப்பள நிறத்தில் வெளியே வந்தது. பதினைந்து நிமிடம் முன்சூடு செய்து, தெர்மாமீட்டர் முள் ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் நகையை உள்ளே வைக்க வேண்டும். தட்டில் ஒரு டைல், அதன் மேல் வெள்ளைத் தாள், அதன் மேல் நகை, எல்லாவற்றுக்கும் மேலே அலுமினிய ஃபாயிலில் கூடாரம். 130 டிகிரியில் தாள் எரியாது, பயப்படாதீர்கள். தாள் இல்லாமல் டைலிலேயே வைத்தால் அடிப்பக்கம் திட்டுத் திட்டாகப் பளபளக்கும்.

நான் செய்த தோடுகள் பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் லேசாக வளைத்தாலே பிஸ்கட் மாதிரி முறிகின்றன. கிளே மட்டமானதா? (சேலம்)

பெரும்பாலும் கிளே மேல் பழி இல்லை, சரியாக வேகவில்லை. நன்றாகச் சுட்ட 2 மில்லிமீட்டர் துண்டை வளைத்தால் வளைந்து கொடுத்துத் திரும்பும். ஒவ்வொரு முறையும் நகையோடு ஒரு மெல்லிய பட்டையையும் உள்ளே வையுங்கள், ஆறிய பிறகு அதை வளைத்துப் பாருங்கள்.

6 மில்லிமீட்டர் கனத்துக்கு அரை மணி நேரம் என்பது பிரீமோவின் கணக்கு. நான் 3 மில்லிமீட்டர் தோட்டுக்கே முக்கால் மணி நேரம் கொடுக்கிறேன். சூடு சரியாக இருந்தால் நேரம் கூடுவதால் கெடுதல் இல்லை, சூடு எகிறினால்தான் கெடுதல். நல்ல செய்தி ஒன்று: முறியாமல் மிச்சமிருக்கும் தோடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சரியான சூட்டில் மறுபடி சுட்டால் பலம் ஏறும்.

சித்திரை வெயிலில் கிளே கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஃபிரிட்ஜில் வைக்கலாமா? (சென்னை)

வைக்கலாம், பத்து நிமிடத்துக்குத் தாங்கும். நிரந்தர வழி வேறு. கிளேயைத் தட்டையாக்கி இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றுங்கள். சில மணி நேரத்தில் தாளில் எண்ணெய்க் கறை பரவியிருக்கும், கிளே இறுகியிருக்கும். ரொம்ப நேரம் விட்டுவிட்டால் உதிரும், அதனால் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். காரிலும் ஜன்னலோரத்திலும் பாக்கெட்டை மறந்து வைக்காதீர்கள். அந்தச் சூட்டுக்கே அது பாதி வெந்துவிடும்.

பளபளப்புக்கு நெயில் பாலிஷ் பூசினேன். ஒரு மாதத்தில் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். அதிலுள்ள கரைப்பான் கிளேயை மெல்ல இளக்கும். பல ஸ்பிரே வார்னிஷ்களும் இதே கதைதான். பூச்சைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, 400, 600, 1000 என்று உப்புத்தாளின் நம்பரை ஏற்றி நைஸாக்கிக்கொண்டே போங்கள். பழைய ஜீன்ஸ் துணியால் அழுத்தித் துடைத்தாலே ஒரு மினுமினுப்பு வரும். எனக்கு அதுதான் பிடிக்கும். கண்ணாடி மாதிரிதான் வேண்டும் என்றால் நீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ் பூசுங்கள்.

வெள்ளை கிளேயில் எப்படியும் தூசி ஒட்டிவிடுகிறது.

வெள்ளையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் மற்ற நிறங்களைத் தொடுங்கள், சிவப்பு கடைசியில். ஈரத் துடைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும். காட்டன் புடவை கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜிமிக்கியின் கிண்ணம் உருண்டையாக வர என்ன செய்வது? (யாழ்ப்பாணம்)

கோலிக்குண்டுதான் என் அச்சு. குண்டின் மேல் சோளமாவு தடவி, 2 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்த வட்டத்தை உச்சியில் போர்த்துங்கள். விரலால் உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்தால் காற்று வெளியேறும், மடிப்பும் விழாது. குண்டின் இடுப்புக்கு, அதாவது நடுவில் அகலமான இடத்துக்கு, ஒரு நூல் அளவு மேலேயே பிளேடால் சுற்றி வெட்டிவிடுங்கள். இடுப்பைத் தாண்டினால் சுட்ட பிறகு கழற்ற முடியாது. உச்சியில் ஊசியால் துளை, விளிம்பில் முத்துக் கோக்கச் சின்னத் துளைகள், எல்லாம் சுடுவதற்கு முன்பே. குண்டு உருளாமல் இருக்க ஃபாயிலில் சும்மாடு மாதிரி ஒரு வளையம் செய்து அதில் உட்கார வையுங்கள். ஓவனிலேயே ஆறவிட்டு, லேசாகத் திருகினால் கழன்று வரும். பிளாஸ்டிக் முத்தை ஓவனுக்குள் அனுப்பாதீர்கள், அது கடைசி வேலை.

சமையலறைச் சாமான்களைப் பயன்படுத்தலாமா? கிளேயை எதில் போட்டு வைப்பது?

கிளே பட்ட எதுவும் திரும்பச் சமையலுக்குப் போகக்கூடாது. சுடாத கிளே சில வகை பிளாஸ்டிக்கை அரித்துப் பிசுபிசுப்பாக்கும், அதனால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட டப்பாவாகப் பார்த்து எடுங்கள். வார்னிஷ் அடித்த மேசையிலும் வைக்காதீர்கள், தடம் விழும். எங்கள் வீட்டுப் பூரிக்கட்டை ஒன்றை மாமியார் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அது என் கிளே டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது.